கெட்டியான பனிக்கட்டி எப்படி நகர்ந்து மலையைக் குடைகிறது?

எடைதான் காரணம். கோடையில் உருகுவதைவிடக் குளிர்காலத்தில் விழும் பனி அதிகமாக இருக்கும் இடங்களில், ஆண்டுதோறும் அடுக்கின் மேல் அடுக்காகப் பனி சேர்கிறது. அடியிலுள்ள பனித்துகள்கள் நசுங்க, இடையிலிருந்த காற்று பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. மிச்சம் சிறு குமிழிகளாகச் சிறைப்படுகிறது. இப்படி இறுகிய பனிக்கட்டியின் தடிமன் ஏறத்தாழ 30 மீட்டரைத் தாண்டினால், தன் பாரத்தாலேயே நெகிழ்ந்து சரிவில் மெல்ல இறங்கத் தொடங்கும். அதுதான் பனியாறு.

ஆனால் வெறும் பனிக்கட்டியால் பாறையைப் பெரிதாகத் தேய்க்க முடியாது. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அடியில் உருகும் நீர் பாறை வெடிப்புகளில் புகுந்து மீண்டும் உறைகிறது. பனியாறு நகரும்போது வெடிப்பு விட்ட பாறைத் துண்டுகளைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. அடியில் பதிந்த கற்கள் உப்புத்தாளைப் போலத் தரையை உராய்கின்றன. பனி விலகிய பாறையில் இணைகோடுகளாக ஓடும் கீறல்களை விரலால் தடவியே உணரலாம். பனி நகர்ந்த தடத்தை அவை காட்டும். மாவாக அரைபட்ட பாறைத்தூள் ஏரிகளில் கலந்து, அவற்றுக்கு அந்த அழகான நீலப்பச்சை நிறத்தைத் தருகிறது.

ஆறு வெட்டிய 'வி' வடிவப் பள்ளத்தாக்கு இப்படித்தான் அகன்ற 'யு' வடிவமாகிறது. நார்வேயின் சோக்ன ஃபியோர்டு அவ்வாறு குடையப்பட்டு, பின்னர் கடல் புகுந்த பள்ளத்தாக்கு. அதன் ஆழம் சுமார் 1,300 மீட்டர்.