மிஸி அக்கா பதில்கள்: எத்தனை பேட் மாற்றுகிறாள்?

கேள்வி: மிஸி அக்கா, என் மகளுக்கு 15 வயது, படிவம் 3 படிக்கிறாள். மாதவிடாய் வந்தால் எட்டு நாள் வரை போகிறது. அந்த நாட்களில் பள்ளிவிட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் சோபாவில் விழுந்துவிடுகிறாள். வகுப்பில் தூங்குகிறாள் என்று ஆசிரியை வாட்ஸ்அப் அனுப்புகிறார். "ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் இப்படித்தான்" என்கிறார் அவள் அப்பா. மாமியார் உளுந்தங்களி கொடுக்கச் சொல்கிறார். நானே மருந்துக்கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, இவ்வளவு எழுதிய நீங்கள் ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறாள்? இன்று இரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டாம் நாள் ஒரு மணி, இரண்டு மணி நேரத்திலேயே பேட் நனைந்துவிடுகிறதா, தூக்கத்தில் எழுந்து மாற்றுகிறாளா, 50 காசு அளவுக்குக் கட்டி கட்டியாகப் போகிறதா என்று விவரமாகக் கேளுங்கள். இதில் ஒன்றுக்கு "ஆமா" என்றாலும் இரத்தப்போக்கு அதிகம் என்றுதான் நினைக்க வேண்டும். எட்டு நாள் போவதே அதிகம்தான். ஏழு நாளுக்குள் நிற்க வேண்டும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன், அதுவும் என் வீட்டிலேயே. அப்போது பினாங்கில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்தேன். என் மகளுக்கு 16 வயது. இரவில் சமையலறையிலிருந்து 'கரக் கரக்' என்று சத்தம் வரும். போய்ப் பார்த்தால், குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஐஸ் கட்டியை மென்றுகொண்டிருப்பாள். காலையில் ஐஸ் தட்டு காலியாக இருக்கும். பல் கெட்டுப்போகும் என்று திட்டினேன். நான்கு மாதம் திட்டினேன். ஒருநாள் எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடியில் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, "அம்மா, கொஞ்சம் இருங்க, மூச்சு வாங்குது" என்றாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. மறுநாள் இரத்தம் எடுத்தோம். இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 8.6தான். அவள் வயதுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை. ஐஸ் மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம் என்று பயிற்சியிலேயே படித்திருந்தேன். என் பிள்ளையிடம் அது கண்ணில் படவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

சரி, உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வழக்கமாக ஒரு மாதவிடாயில் 30 முதல் 40 மில்லி இரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். ஒரு மில்லி இரத்தத்தோடு கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பும் போய்விடுகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். அதிலும் வளர்கிற பிள்ளை, எலும்பும் தசையும் கூடிக்கொண்டிருக்கிற வயது. வரவைவிடச் செலவு அதிகமானால் கையிருப்பு கரையத்தானே செய்யும்? முதலில் கரைவது உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பு. ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே பிள்ளை சோர்ந்துவிடலாம். அதனால் கிளினிக்கில் ஹீமோகுளோபினோடு, அந்தச் சேமிப்பைக் காட்டும் 'ஃபெரிட்டின்' பரிசோதனையும் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

வலியால் தூக்கம் கெடுவதும், பசியாறாமல் பள்ளிக்குப் போவதும் அந்த இரண்டு மூன்று நாள் அலுப்புக்குக் காரணமாகலாம். ஆனால் மாதவிடாய் முடிந்த பிறகும் சோர்வு தொடர்ந்தால், படி ஏறினால் மூச்சு வாங்கினால், இரத்தத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவர்கள் நிறையப் பேர். அதனால்தான் 2016-இல் படிவம் 4 பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை தொடங்கினார்கள். அந்த மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டலாம். அதற்குக் காரணம் இரும்புக் குறைவாக இல்லாவிட்டால் மாத்திரையால் பலன் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருத்துவரைப் பார்க்கலாம், முதலில் அங்கே போங்கள். அவளுக்கு அடிக்கடி மூக்கில் இரத்தம் வருமா, பல் துலக்கும்போது ஈறில் கசியுமா, முதல் மாதவிடாயிலிருந்தே இப்படித்தானா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருந்தாலும் இப்படி அதிகமாகப் போகும்.

மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால் எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள், தேத்தண்ணியோடும் பாலோடும் வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். சோர்வு தீர்ந்ததும் நிறுத்திவிடவும் கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் சாப்பிட்டால்தான் சேமிப்பு நிரம்பும். இரத்தப்போக்கைக் குறைக்கவும் மருந்து உண்டு. சில சமயம் ஹார்மோன் மாத்திரை எழுதுவார்கள். "கல்யாணமாகாத பிள்ளைக்குக் கர்ப்பத்தடை மாத்திரையா?" என்று தாய்மார்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அது அங்கே இரத்தப்போக்குக்கான மருந்து, தங்கச்சி. பின்னால் பிள்ளை பெறுவதை அது கெடுக்காது.

மாமியார் உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடட்டும், நல்ல உணவு. ஆனால் களி மட்டும் இந்தக் குறையை ஈடுகட்டாது. ஈரல், ஆட்டிறைச்சி, மீன் சாப்பிடும் வீடென்றால் அவற்றிலுள்ள இரும்பு உடம்பில் சீக்கிரம் சேரும். சைவமென்றால் பருப்பு, தெம்பே, கீரையோடு ஒரு கொய்யாப்பழம் சேர்த்துக் கொடுங்கள். சோறு சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். தேயிலை இரும்பைச் சேரவிடாது.

ஒரு மணிக்கு ஒரு பேட் என்று தொடர்ந்து நனைந்தாலோ, மயங்கி விழுந்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அவள் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அந்தப் பிள்ளையை யாரும் சோம்பேறி என்று சொல்ல வேண்டாம்.

கேள்வி: எனக்கு 13 வயது. அந்த நாட்களில் நெட்பால் விளையாடக் கூடாது, தலை குளிக்கக் கூடாது என்கிறார் பாட்டி. உண்மையா அக்கா?
– செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இரண்டும் செய்யலாம், கண்ணு. விளையாட்டு சில பிள்ளைகளுக்கு வயிற்றுவலியைக்கூடக் குறைக்கும். தலை சுற்றினால் மட்டும் உட்கார்ந்துவிடு, ஆசிரியையிடம் சொல். பசியாறிவிட்டுப் போ, பையில் இன்னொரு பேட் வைத்துக்கொள்.