அரங்க வடிவமைப்பு: உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இயக்குநருடனான முதல் சந்திப்புக்கு எத்தனை வரைபடங்களுடன் செல்ல வேண்டும்?

பதில்: ஒன்றும் வேண்டாம். படம் மேசைக்கு வந்துவிட்டால், பேச்சு நாடகத்தை விட்டுவிட்டு, அந்தப் படம் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதிலேயே நின்றுவிடும். பிரதியை மூன்று முறை படித்து, யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், எது எப்போது பார்வையாளர் கண்ணில் படக்கூடாது என்று குறித்துக்கொண்டு செல்லுங்கள். ஒளியமைப்பாளரையும் அன்றே அழைத்துவிடுங்கள்.

கேள்வி: அரங்கின் சிறிய மாதிரியை எந்த அளவில் செய்வது?

பதில்: 1:25. ஆறடி மனிதர் அதில் ஏறத்தாழ 7 செ.மீ. உயரம் இருப்பார். அட்டையில் அவரை வெட்டி உள்ளே நிறுத்தாமல் மாதிரியை யாருக்கும் காட்டாதீர்கள்.

கேள்வி: பின்னணிக்கு எல்இடி திரை வைக்கலாமா?

பதில்: இதே கேள்வியை இன்று மூவர் அனுப்பியிருக்கிறீர்கள். வைக்கலாம்; ஆனால் அதன் வெளிச்சத்தில் நடிகரின் முகம் மங்கிவிடும். ஒளியமைப்பாளரைக் கேட்காமல் வாடகை பேசாதீர்கள்.

கேள்வி: நாடகம் இயக்குநருடைய கற்பனை, வடிவமைப்பாளர் அதைக் கட்டிக் கொடுப்பவர். கூட்டுப் படைப்பு என்பதெல்லாம் அழைப்பிதழில் பெயர் பெரிதாக வருவதற்காகச் சொல்லப்படுவதுதானே?

பதில்: அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (ஒரு விற்பனையாளரின் மரணம்) 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறியது. எலியா கசான் இயக்க, ஜோ மீல்சினர் அரங்கையும் ஒளியையும் அமைத்தார். கதை நிகழ்காலத்துக்கும் நினைவுக்கும் இடையில் ஓயாமல் தாவுவதால், ஒவ்வொரு முறையும் காட்சியை மாற்றினால் நாடகம் துண்டு துண்டாகிவிடும் என்பதைக் கண்ட மீல்சினர், விற்பனையாளரின் வீடு தொடக்கம் முதல் முடிவு வரை மேடையிலேயே நிற்கட்டும், மற்ற இடங்கள் அதன் முன்பகுதியில் நிகழட்டும் என்றார். அதை ஏற்றுக்கொண்டதால் பிரதியைத் திருத்த வேண்டியிருந்தது, அரங்கேற்றமும் தள்ளிப்போனது. வீட்டைச் சூழ்ந்து நெருக்கும் அடுக்குமாடிக் கட்டடங்கள் ஒளி ஊடுருவும் துணியில் தீட்டப்பட்டிருந்தன. நினைவு தொடங்கும்போது அவை மங்கி, மர இலைகளின் நிழல் வீடெங்கும் பரவும். இதில் எது மில்லருடையது, எது கசானுடையது, எது மீல்சினருடையது என்று பிரித்துக் காட்டுங்கள், பிறகு அழைப்பிதழைப் பற்றிப் பேசலாம்.

அதே உறுப்பினர்: அது பிராட்வே, நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளின் உலகம். அவர்களிடம் பணமும் காலமும் இருந்தன. இங்கே சபா மேடை அன்று காலையில்தான் கைக்கு வருகிறது.

பதில்: சரியான எதிர்வாதம். ஆனால் நான் சொல்லும் வேலைக்கு வேண்டியது ஒரு சுருள் நிற நாடா மட்டுமே. ஒரு நாடகத்தில் சமையலறை வாசலை இரண்டரை அடி அகலத்துக்கு வரைந்திருந்தேன். பள்ளிக்கூடக் கூடமொன்றில் சுவரும் வாசலும் வரும் இடங்களைத் தரையில் நாடா ஒட்டிக் குறித்து ஒத்திகை நடந்தபோது, இடுப்பில் குடத்துடன் வந்த நடிகை, ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டருகே நின்று, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, குடத்தை முன்னால் கொண்டுவந்து நுழைந்தார். அளவு தவறிவிட்டது, மூன்றரை அடியாக்குகிறேன் என்றேன், இயக்குநரும் தலையசைத்தார். அந்த அம்மையார்தான் வேண்டாம் என்றார்: "முப்பது வருசமா இந்த வீட்டுல இப்படித்தான் நுழையுறா." வாசல் இரண்டரை அடியாகவே நின்றது. அது யாருடைய கற்பனை?

அதே உறுப்பினர்: இறுதியில் முடிவெடுத்தவர் இயக்குநர்தானே?

பதில்: ஆம், அதை நான் எங்கும் மறுக்கவில்லை. மேலே இருப்பதை இன்னொரு முறை படியுங்கள்.

கேள்வி: தெருக்கூத்தில் அரங்க வடிவமைப்பாளர் உண்டா?

பதில்: இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று வேடதாரி பாடித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார், திரை விலகும்போது வெறும் தரை அரண்மனையாகிவிடுகிறது. அந்த இருவரையும் வடிவமைப்பாளர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கேள்வி: முகம் பளபளக்காமல் இருக்க எந்தப் பூச்சு நல்லது?

பதில்: ஒப்பனைக் கலைஞரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஒளியமைப்பாளர் கடைசி ஒத்திகைக்குத்தான் வருவேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: மாதிரியை அவர் வீட்டுக்கே எடுத்துச் செல்லுங்கள். நண்பரின் ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து, மடியில் வைத்துக்கொண்டு நான் பலமுறை சென்றிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் பாலித்தீன் உறை போட்டுக்கொள்ளுங்கள், அட்டை ஊறிவிடும்.