ஜெர்சி கிடைக்காத பையன்கிட்ட யாரு பேசறது?

அண்ணே வணக்கம். கடலூர் ஓ.டி.ல இருந்து எழுதறேன். 2025 அக்டோபர்ல கோவாவுல நம்ம இந்தியா டீம் சிங்கப்பூர்கிட்ட 2-1 தோத்து ஏசியன் கப்புக்கே போக முடியாம போச்சே, இன்னும் மனசு ஆறல. சுத்தி எல்லாரும் கோச்ச மாத்து கோச்ச மாத்துங்கறாங்க. எனக்கு ஒரு டவுட்டு. கிளப் கோச்சுன்னா தினமும் பிராக்டிஸ் குடுக்கறாரு. நேஷனல் டீம் கோச் கைக்கு பசங்க வர்றதே மேட்சுக்கு முன்னாடி நாலஞ்சு நாள்தான், அதுல அவரு அப்படி என்னதான் பண்ண முடியும்? இன்னொண்ணு, நானும் ஏரியா பசங்களுக்கு சாயங்காலத்துல ஃபுட்பால் சொல்லித் தர்றேன். போன வாரம் ஒரு டோர்னமெண்ட்டுக்கு 16 பேரு லிஸ்ட்ட வாட்ஸப் குரூப்ல போட்டேன். பேரு வராத ஒரு பையன் அன்னில இருந்து கிரவுண்டு பக்கமே வரல. நான் பண்ணது தப்பாண்ணே?

- உங்க வாசகர், கடலூர் ஓ.டி.

அன்புள்ள தம்பி,

உங்க ரெண்டாவது கேள்வியிலயே மொதக் கேள்விக்கான பதில் இருக்கு, எப்படின்னு சொல்றேன்.

நாலஞ்சு நாள்னு நீங்க சொன்னது சரிதான், ஆனா அதுவும் முழுசா கிடைக்காது. வெள்ளி சனி லீக் மேட்ச் ஆடிட்டு காலு கனத்துப் போய்தான் பிளேயருங்க கேம்ப்புக்கு வந்து இறங்குவாங்க, மொத நாள் அவங்களுக்கு ரெஸ்ட்டுதான் குடுக்கணும், ஒரு நாள் டிராவல்ல போயிரும், மேட்சுக்கு மொத நாள் லேசாத்தான் ஓட விடுவாங்க, மிச்சம் ரெண்டு செஷன் கிடைச்சா பெருசு. ஃபிஃபா குறிச்சு வச்ச தேதியில மட்டும்தான் கிளப்பு பிளேயர அனுப்பியே ஆகணும், மத்த நாள்ல முடியாதுன்னு சொல்லிரலாம். 2025 ஆகஸ்ட்டுல காலித் ஜமீல் இந்தியா கோச்சா பொறுப்பு எடுத்த உடனே காஃபா நேஷன்ஸ் கப்பு, அதான் மத்திய ஆசியா நாடுங்களோட போட்டி, வந்துச்சே, அது அந்த தேதிக்கு வெளியன்னு கொல்கத்தா கிளப்பு மோகன் பகான் தன்னோட பிளேயருங்கள விடல. இருக்கறவங்கள வச்சே போயி ஓமன பெனால்டில ஜெயிச்சு மூணாவது இடம் வந்தாங்க. அடுத்த மாசமே சிங்கப்பூர். ரெண்டும் அதே கோச்சுதான் தம்பி, அதனால கோச்ச மாத்துனா சரியாயிரும்ங்கற பேச்சுல எனக்கு நம்பிக்கையே இல்ல.

கிளப்புல லெஃப்ட் பேக் சரியில்லன்னா காசு குடுத்து வேற ஆள வாங்கலாம். நேஷனல் கோச்சுக்கு அந்த வசதி கிடையாது, அந்த நாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கறவன்தான் ஆடணும். புதுசா ஆட்டம் சொல்லித் தரவும் நேரம் இல்ல. அப்ப அவரு கையில மிச்சம் இருக்கறது யார கூப்பிடறது, யார உக்கார வைக்கறது, உக்காந்தவன்கிட்ட என்ன பேசறது, இவ்ளோதான். கடைசியா சொன்னதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

2022 வேர்ல்ட் கப்ப நினைச்சுப் பாருங்க. ஸ்கலோனி 2018-ல அர்ஜென்டினாவ எடுக்கும்போது எந்த சீனியர் டீமுக்கும் ஹெட் கோச்சா இருந்ததில்ல. கத்தார்ல மொத மேட்ச்சே சவுதிகிட்ட 2-1 தோல்வி. அவரு கலங்காம ஆளுங்கள மாத்துனாரு, அடுத்த மேட்ச்ல பரேடெஸ் வெளிய, அதுக்கு அடுத்த மேட்ச்ல லவுட்டாரோ மார்டினெஸும் வெளிய, சின்னப் பசங்க என்ஸோ, அல்வாரெஸ் எல்லாம் உள்ள. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா அப்புறம் நடந்தத கவனிங்க. நெதர்லாந்து கூட குவார்ட்டர் ஃபைனல் பெனால்டிக்குப் போச்சு, கடைசி அடிய அடிச்சு ஜெயிக்க வச்சது லவுட்டாரோ. பரேடெஸ் அன்னிக்கும் போட்டாரு, ஃபைனல் பெனால்டிலயும் போட்டாரு. டிபாலா செமி வரைக்கும் பெஞ்சுலயே இருந்தவரு, செமில கொஞ்ச நேரம் ஆடுனாரு, ஃபைனல்ல 120-வது நிமிஷம் தாண்டி பெனால்டி அடிக்கறதுக்குன்னே உள்ள வந்தாரு, வந்து போட்டாரு. 26 பேரக் கூட்டிட்டுப் போறோம், 11 பேர் ஆடறாங்க, மீதி 15 பேர் ஒரு மாசமா ஒரே ஹோட்டல்ல சாப்ட்டு தூங்கி தினமும் பெஞ்சுல உக்காந்து எந்திரிக்கறாங்க. அந்த 15 பேரோட மனசு விட்டுப் போகாம பாத்துக்கறதுதான் அந்த வேலைல முக்கால்வாசி, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

இது கெட்டுப் போனா என்ன ஆகும்ங்கறத நான் பாத்தது 2010-ல, புதுச்சேரியில எங்க தெரு சொல்தா தாத்தா வீட்ல. பிரெஞ்சு ஆர்மி பென்ஷன்காரரு, பிரான்ஸ் மேட்சுன்னா வாசக்கதவ திறந்து வச்சுருவாரு, தெருப் பசங்க யாரு வேணா உள்ள வரலாம். அந்த வருஷ வேர்ல்ட் கப்புல மெக்சிகோ மேட்ச் பாதியில பிரான்ஸ் பிளேயர் அனெல்காவுக்கும் கோச்சுக்கும் தகராறாகி அனெல்காவ வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அதுக்காக மொத்த டீமும் பிராக்டிஸ் பண்ண மாட்டோம்னு பஸ்ஸுக்குள்ள போயி உக்காந்துருச்சு. பிளேயருங்க எழுதிக் குடுத்த லெட்டர பத்திரிகைக்காரங்க முன்னாடி வாசிச்சது யாரு தெரியுமா, கோச் டொமெனெக்கேதான். தாத்தா டிவிய அணைக்கல, சவுண்ட மட்டும் கொறச்சுட்டு ரிமோட்ட மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. "சிப்பாய் போன்னு சொல்ற வரைக்கும் ஆபீசர் இருக்கக் கூடாதுடா"ன்னு மட்டும் சொன்னாரு. பிரான்ஸ் ஒத்த பாயிண்ட்டோட குரூப்புல கடைசி. எட்டு வருஷம் கழிச்சு தெஷாம் கோச்சா இருந்து பிரான்ஸ் கப்பு ஜெயிச்சப்ப அதே வாசல்ல தாத்தா தெருவுக்கே சாக்லேட் குடுத்தாரு.

நம்ம நாட்டுலயும் இதத் தெரிஞ்ச ஒருத்தரு இருந்தாரு. இந்தியா டீம் கோச் ஹைதராபாத் ரஹீம் சாப், ஸ்கூல் வாத்தியாரா இருந்தவரு. 1962 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல மொத மேட்ச் தென் கொரியாகிட்ட 2-0 தோத்தாங்க. டிஃபென்டர் ஜர்னைல் சிங்குக்கு தலையில அடிபட்டு தையல் போட்டாச்சு, யாரா இருந்தாலும் அவர உக்கார வச்சிருப்பாங்க, ரஹீம் அவர ஃபார்வர்டுல போட்டாரு. காய்ச்சல்ல கெடந்த தங்கராஜ ஃபைனலுக்கு கோல்ல நிறுத்துனாரு. அதே கொரியாவ 2-1, ரெண்டாவது கோலு ஜர்னைலோடது. எவன் எத தாங்குவான்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அது கூடவே பழகி வர்ற அறிவு. அடுத்த வருஷமே ரஹீம் கேன்சர்ல போயிட்டாரு. அந்த தங்கத்துக்கு அப்புறம் ஏசியன் கேம்ஸ் ஃபுட்பால்ல நமக்கு இன்னிக்கு வரைக்கும் தங்கம் இல்ல.

இப்ப உங்க பையன் விஷயம். ஆமா தம்பி, தப்புதான்.

எனக்கு 15 வயசுல ஒரு செலக்‌ஷன் நடந்துச்சு. மூணு நாள் விடியக்காலம் சைக்கிள் மிதிச்சுப் போனேன். லிஸ்ட்டு எதுவும் வாசிக்கல, ஒரு உரச்சாக்குல இருந்து நீல ஜெர்சிய எடுத்து ஒவ்வொருத்தனுக்கா குடுத்துட்டே வந்தாங்க, என் முன்னாடி நின்னவனுக்குக் குடுத்ததோட சாக்கு காலியாயிருச்சு. கோச் சாக்க உதறி மடிச்சு கக்கத்துல வச்சுக்கிட்டாரு, என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. ஷூ லேஸ அவுத்துட்டு வெறுங்காலோட சைக்கிள தள்ளிட்டு வந்தேன், அதோட மேட்ச் ஆடறத விட்டேன். என்னை எடுக்காதது சரியான முடிவாவே இருக்கலாம், அதப் பத்தி எனக்கு வருத்தம் இல்ல. உனக்கு இன்னும் இடது காலு வரலடா, அடுத்த வருஷம் பாக்கலாம்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளும் போயிருப்பேன்.

வாட்ஸப் லிஸ்ட்டும் அந்த சாக்கு மாதிரிதான். லிஸ்ட்டு போடறதுக்கு முன்னாடியே, வராத பையனக் கூப்பிட்டு தனியா சொல்லணும், ஏன்னு சொல்லணும், என்ன பண்ணா வருவான்னும் சொல்லணும். பொய்யா ஆறுதல் சொல்லாதீங்க, பசங்க கண்டுபிடிச்சுருவாங்க. இந்தியா பொண்ணுங்க டீமுக்கே ஆடுன இந்துமதிய குடுத்த ஊருங்க உங்களுது, எவன் எங்க போவான்னு இப்பவே யாருக்குத் தெரியும்.

ஃபோன் பண்ணாதீங்க, வீட்டுக்கே போங்க. அவங்க அம்மா இருக்கும்போது போங்க, பந்து ஒண்ணு கையில எடுத்துட்டுப் போங்க. என்ன சொன்னான்னு எனக்கு எழுதுங்க.