வாசகர் கேள்விகள்: வெடித்த நட்சத்திரமும் கண்ணில் படாத வால்நட்சத்திரமும்

கேள்வி: ஒரு கேலக்ஸியின் படத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால், அது சூப்பர்நோவாதான் (வெடித்த நட்சத்திரம்), இன்ன வகைதான் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
– வாசகி, மதுரை

பதில்: புள்ளியை மட்டும் வைத்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. குறுக்கே போகும் சிறுகோளாக இருக்கலாம், நம் பால்வீதியிலேயே உள்ள மாறுவிண்மீனாக இருக்கலாம், கேமராக் கோளாறாகக்கூட இருக்கலாம். அதனால் பழைய படத்தோடு ஒப்பிடுவார்கள், கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு படம் எடுத்து நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் நிறமாலை, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்ப்பது. வகையைச் சொல்வது அதுதான்.

2023 மே 19 அன்று ஜப்பானின் கோயிச்சி இடகாகி, எம் 101 கேலக்ஸியில் மேக்னிட்யூட் 14.9 அளவில் (மேக்னிட்யூட் என்பது வெளிச்ச அளவு, எண் கூடக்கூட மங்கல்) ஒரு புதுப் புள்ளியைப் பிடித்தார். இத்தனைக்கும் அவர் தொழில்முறை வானியலாளர் இல்லை, ஆர்வலர். சில மணி நேரத்திலேயே லா பால்மா தீவில் உள்ள லிவர்பூல் தொலைநோக்கி எடுத்த நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள் தெரிந்தன, வகை 2 என்று அறிவித்துவிட்டார்கள். ஹைட்ரஜன் இல்லாவிட்டால் வகை 1. அதிலும் சிலிக்கான் அழுத்தமாகத் தெரிந்தால் 1ஏ, அதாவது வெடித்தது ஒரு வெண்குள்ளன் (எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் அடர்ந்த மிச்சம்). எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அடுத்து நடந்ததுதான்: முந்தைய நாள் தற்செயலாக அதே கேலக்ஸியைப் படம் எடுத்திருந்த ஆர்வலர்கள் தங்கள் படங்களைத் தேடி எடுத்துப் பார்க்க, ஒளி ஏறத் தொடங்கிய அந்த முதல் மணிநேரங்கள் அவற்றில் பதிவாகியிருந்தன. லடாக்கின் ஹான்லேயில் உள்ள நம் இமாலய சந்திரா தொலைநோக்கியும் அதைத் தொடர்ந்து கவனித்தது.

கேள்வி: வால்நட்சத்திரம் மேக்னிட்யூட் 6 என்று போட்டிருந்தார்கள். அதே 6-இல் நட்சத்திரங்கள் பைனாகுலரில் பளிச்சென்று தெரிகின்றன, வால்நட்சத்திரத்தை மட்டும் காணோம். தவறான தகவலா?
– வாசகர், ஈரோடு

பதில்: தகவல் சரிதான். அந்த எண் வால்நட்சத்திரத் தலையின் மொத்த ஒளியையும் ஒரே புள்ளியில் குவித்தால் எவ்வளவு இருக்குமோ அந்தக் கணக்கு. வானத்தில் அது பரவிக் கிடக்கிறது, ஊர் வெளிச்சம் அதை எளிதில் விழுங்கிவிடும். இருட்டான இடத்துக்குப் போங்கள், நிலா இல்லாத நாளாகப் பாருங்கள்.

தெரிந்துவிட்டால் நீங்களே அளக்கலாம். தலையின் சராசரி வெளிச்சத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பைனாகுலரின் குவியத்தைக் கலைத்து, மேக்னிட்யூட் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை (ஒன்று வால்நட்சத்திரத்தைவிடக் கொஞ்சம் பளிச், ஒன்று கொஞ்சம் மங்கல்) அதே அகலத்துக்கு ஊதவிட்டு, வால்நட்சத்திரம் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டும் வால்நட்சத்திரம் இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும், தொடுவானத்தை ஒட்டி எல்லாமே மங்கித்தான் தெரியும். பெரிய தொலைநோக்கியைத் தேடாதீர்கள். தெளிவாகக் காட்டும் சின்னக் கருவியே போதும், கருவி பெரிதாக ஆக மதிப்பீடு மங்கலாகத்தான் வரும்.

விடாமல் குறித்து வைப்பது அவசியம், ஏனென்றால் வால்நட்சத்திரம் கணிப்பை மதிப்பதே இல்லை. 2007 அக்டோபரில் ஹோம்ஸ் வால்நட்சத்திரம், சூரியனை நெருங்கிப் போய் மாதக்கணக்கான பிறகு, இரண்டே நாளுக்குள் மேக்னிட்யூட் 17-லிருந்து 3-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது, வெளிச்சம் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் மடங்கு கூடிவிட்டது. கண்ணில் படாத இரவையும் எழுதுங்கள்: தேதி, நேரம், கருவி, அந்த இடத்தில் தெரிந்த மிக மங்கலான நட்சத்திரம் எது என்பது.