படகு நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க

கேள்வி: காசிமேட்டில் மீன் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்காக ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் 15 வினாடி விளம்பரம் செய்கிறேன். படகு ஓரத்திலிருந்து வந்து, நடுவில் 2 வினாடி நின்று, பிறகு கிளம்ப வேண்டும். நிற்கும் இடத்தில் இரண்டு கீஃபிரேமும் (எந்த நேரத்தில் என்ன மதிப்பு என்று குறிக்கும் புள்ளி) ஒரே மதிப்புதான். ஆனாலும் படகு கொஞ்சம் முன்னே போய்த் திரும்பி வருகிறது. படகு, கொடி, கடைப்பெயர் மூன்றையும் தனித்தனியாக நகர்த்தியதில் 60 கீஃபிரேமுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது மாமா, "இன்னும் 3 வினாடி நிக்கட்டும்டா" என்கிறார். என்ன செய்வது?
- ராயபுரம் வாசகர்

பதில்: படகு நழுவுவது உங்கள் தவறு இல்லை. பொசிஷனுக்கு, அதாவது இடத்துக்கு, கீஃபிரேம் வைத்தாலே மென்பொருள் பாதையை வளைவாக எடுத்துக்கொள்ளும். வந்த திசையிலேயே வளைவை இழுக்கும் ஒரு கைப்பிடி நீண்டிருப்பதால், அடுத்த கீஃபிரேமும் அதே இடம் என்றாலும் படகு ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பும். அந்த கீஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஆல்ட், கே அழுத்துங்கள். வரும் பெட்டியில் பாதையைக் குறிக்கும் ஸ்பேஷியல் என்பதை லீனியர், அதாவது நேர்கோடு, ஆக்கினால் சரி. ப்ரிஃபரன்சஸில் ஜெனரல் பகுதியில் இதையே நிரந்தரமாக்கவும் ஒரு டிக் இருக்கிறது. நான் முதல் வேலையாக அதைத்தான் போடுவேன்.

அப்புறம் அந்த 60 கீஃபிரேம். ஒரே பயணத்தைப் படகு, கொடி, பெயர் என்ற மூன்று லேயருக்கும் (அடுக்குக்கும்) தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். ஒரு நல் ஆப்ஜெக்ட் போடுங்கள், அது வீடியோவில் தெரியாத வெற்று லேயர். வருவது, நிற்பது, போவது எல்லாம் அதன் பொசிஷனில் மட்டும், நாலே கீஃபிரேம். படகையும் கடைப்பெயரையும் அந்த நல்லுக்குப் பேரண்ட் செய்யுங்கள், கொடியைப் படகுக்கு. அப்போது ஒன்று நகர்ந்தால் அதோடு கட்டியதும் நகரும். பெயரைப் படகோடு கட்டிவிடாதீர்கள், படகு ஆடும்போது எழுத்தும் சேர்ந்து ஆடும், படிக்க முடியாது.

ஆட்டம் படகின் சொந்த வேலை. காசிமேடு துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் ஒரு படகைப் பத்து நிமிடம் பாருங்கள். நின்றாலும் அது சும்மா இருக்காது, உடல் சாய்ந்து கொஞ்சம் கழித்துத்தான் கொடி சாயும். அதைச் செய்ய, முதலில் ஒய் கீயை அழுத்தி, படகின் ஆங்கர் பாயின்டை (எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழலுமோ அது) நீர்மட்டத்துக்கும், கொடியின் ஆங்கர் பாயின்டைக் கம்பத்தின் அடிக்கும் கொண்டுபோங்கள். பிறகு படகின் ரொட்டேஷனில் (சுழற்சியில்) மைனஸ் 2 டிகிரி, 2 டிகிரி, மறுபடி மைனஸ் 2 என மூன்றே கீஃபிரேம். ஆல்ட் அழுத்தியபடி ரொட்டேஷன் பக்கத்திலுள்ள ஸ்டாப்வாட்சைக் கிளிக் செய்து, எக்ஸ்பிரஷன் மெனுவில் ப்ராப்பர்ட்டி பிரிவிலுள்ள லூப்அவுட்டைத் தேர்ந்தெடுத்தால் அது ஓயாமல் ஆடும். கொடிக்கும் அதே மூன்று கீஃபிரேமும் லூப்அவுட்டும், ஆனால் 4 ஃபிரேம் தள்ளி. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 0.16 வினாடிதான். கண் உடனே நம்பிவிடும்.

நல்லின் கீஃபிரேம்களுக்கு எஃப்9 போட்டால் வேகம் மெல்லக் கூடிக் குறையும். எனக்கு அது போதாது. ஷேர் ஆட்டோ மாதிரி டக்கென்று நிற்கப் படகால் முடியாதே! வேகத்தைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில், வந்து சேரும் கீஃபிரேமின் கைப்பிடியை 80 சதவீதம்வரை இழுத்துப் பாருங்கள். அலைக்கு இரண்டு லேயர் இருந்தால், லேயர் வரிசையில் ஒன்றைப் படகுக்கு மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்தால் படகு தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கும்.

விலை போடுவதாக இருந்தால் அதைத் தனி டெக்ஸ்ட் லேயராக விடுங்கள். வஞ்சிரம் விலை நாளைக்கு இதுவாகவா இருக்கும்? அந்த லேயரின் எழுத்தான சோர்ஸ் டெக்ஸ்டில் வைக்கும் கீஃபிரேம் தானாகவே ஹோல்ட் வகை, எண் நழுவாமல் சட்டென்று மாறும்.

இனி மாமாவின் 3 வினாடி. கண்ட்ரோல் கே அழுத்திக் காம்பொசிஷனை, அதாவது மொத்தக் காட்சியை, 18 வினாடியாக்கி, லேயர்களின் முடிவை இழுத்து நீட்டுங்கள். நல்லைத் தேர்ந்தெடுத்து யு அழுத்தினால் அதன் கீஃபிரேம்கள் மட்டும் தெரியும். கடைசி இரண்டையும் சேர்த்துப் பிடித்து 3 வினாடி வலப்பக்கம் தள்ளுங்கள். லேயர் பட்டையையே பிடித்து இழுத்துவிடாதீர்கள், எல்லா கீஃபிரேமும் கூடவே நகர்ந்துவிடும். படகும் கொடியும் தம் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும், அவற்றைத் தொட வேண்டியதே இல்லை.