ஹெல்மெட் தலையில் நிற்கிறதா? பைக் பாதுகாப்பு: கேள்வி-பதில்

போட்டால் சுகமாக இருக்கிறது, ஆனால் பைபாஸில் வேகம் எடுத்தால் ஹெல்மெட்டைக் காற்று தூக்குகிறது. பட்டையை இறுக்கினால் போதுமா?

போதாது. ஹெல்மெட் கழன்று ஓடாமல் பிடித்துவைப்பதுதான் பட்டையின் வேலை. தலையோடு ஒட்டி நிற்க வைப்பது உள்மெத்தை. உங்களுடையது ஒரு சைஸாவது பெரிது.

புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடம் வழியாகத் தையல் டேப்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். ஒரு கம்பெனியின் 'எம்' இன்னொரு கம்பெனியின் 'எல்' அளவுக்கு இருக்கும். எழுத்தை விட்டுவிட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள். போட்டதும் கன்னம் இரண்டும் லேசாக அமுங்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். கடைசியாக, பட்டையை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டச் சொல்லுங்கள். கழன்று வந்தால் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம். கடையிலேயே கால் மணி நேரம் போட்டிருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த வடிவம் உங்கள் தலைக்கு ஆகாது. புது மெத்தை சில வாரங்களில் அமுங்கிவிடும், அதனால் 'கொஞ்சம் டைட்' என்பதே சரியான அளவு. தாடைக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது.

2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கவே கூடாது. முத்திரையோடு 'ஐஎஸ் 4151' என்ற எண்ணும், 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று வந்துவிடும். சாலையோரக் கடையில் வாங்குபவர்கள் அவசியம் இதைச் செய்யுங்கள்.

ஹெல்மெட் கைதவறிக் கீழே விழுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?

தலை உள்ளே இல்லாமல் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்ததென்றால் பெரும்பாலும் ஓட்டில் கீறலோடு போய்விடும். விரிசல் இல்லை, உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஓட்டிலிருந்து பிரியவில்லை என்றால் பயன்படுத்தலாம். தலையோடு சேர்ந்து இடித்த ஹெல்மெட் அப்படியல்ல. மூளைக்குப் போகும் அதிர்ச்சியைத் தான் நசுங்கித்தான் அந்தத் தெர்மாகோல் வாங்கிக்கொள்கிறது. நசுங்கினது திரும்ப எழும்பாது. வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. அதன் பட்டையை அறுத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டக் கூடாது.

கண்ணாடிக் கம்பியில் ஹெல்மெட்டை மாட்டி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கம்பி முனை குத்தும் இடத்தில் தெர்மாகோல் குழிவிழும். பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைத்தால் பிளாஸ்டிக் ஓடு பலவீனமாகும். சோப்புத் தண்ணீர் போதும்.

வாய்ப்பகுதி திறந்த ஹெல்மெட் போதாதா?

மண்டைக்குப் போதும், தாடைக்குப் போதாது. விபத்துக்குள்ளான ஹெல்மெட்களை ஜெர்மனியில் விபத்து ஆய்வாளர் டீட்மார் ஓட்டெ ஆராய்ந்தபோது, அடிகளில் சுமார் மூன்றில் ஒன்று தாடைப் பகுதியில்தான் விழுந்திருந்தது. முழு முகத்தையும் மூடுவதையே வாங்குங்கள்.

அம்மா சேலையில் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் வண்டியைப் பாருங்கள். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் படி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் சேலைத் தடுப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி கட்டாயம். அழகுக்காக இந்தத் தடுப்பைக் கழற்றி வைப்பவர்கள் ஏராளம். அதைத் தயவுசெய்து இன்றே திரும்ப மாட்டுங்கள். முந்தானை ஆரக்காலிலோ செயினிலோ சிக்கினால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஆளை இழுத்துவிடும். துப்பட்டா இன்னும் மோசம். கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தால் குரல்வளையையே நெரிக்கும். முந்தானையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து செருகட்டும். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போடலாம், கழற்றிக் கைப்பைக்குள் வைப்பது அதைவிட நல்லது. தொளதொள மழைக்கோட்டுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. துணி சிக்கியது தெரிந்தால் உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். வண்டியை முன்னால் தள்ளாமல், சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றி எடுங்கள், வரவில்லையென்றால் வெட்டுங்கள்.

அம்மாவுக்கும் ஹெல்மெட் சட்டப்படியே கட்டாயம். கொண்டையும் பூவும் பெரிய கிளிப்பும் ஹெல்மெட்டை முன்னால் தள்ளி, தலையில் சரியாக உட்கார விடாது. அடிபட்டால் கிளிப் மண்டையில் குத்தும். தாழ்வாகப் பின்னல் போட்டு, பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார முடிகிற உடையில் வந்தால் அதுவே மிகப் பாதுகாப்பு.

மூன்று வயதுக் குழந்தையை டேங்க் மேல் உட்கார வைக்கலாமா?

கூடாது. பிரேக் பிடித்தால் குழந்தை ஹேண்டில்பாரில் மோதும், உங்கள் எடையும் அதன்மேல் வந்து விழும். 2023 பிப்ரவரியிலிருந்து, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தை அளவு ஹெல்மெட்டும் கட்டாயம். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. பஸ்ஸோ ஆட்டோவோ கிடைத்தால் அதிலேயே கூட்டிப் போங்கள்.

சித்திரை வெயிலில் ஜாக்கெட் போட முடியுமா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கப் பணமும் இல்லை.

முதலில் ஹெல்மெட், அடுத்து கிளவுஸ், பிறகு கணுக்கால் மூடும் ஷூ, முழங்கால் கார்டு (அடி தாங்கும் தடுப்பு), கடைசியில் ஜாக்கெட். இந்த வரிசையில் வாங்குங்கள். விழும்போது எல்லோருமே கையைத்தான் ஊன்றுவோம். வெறும் உள்ளங்கை தாரில் பிடித்துக்கொண்டால் உடல் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கி எலும்பு உடையும். அதனால் உள்ளங்கையின் அடிப்பகுதியில் வழுக்கும் கடினத் தகடு உள்ள கிளவுஸாக, மணிக்கட்டில் இறுக்கும் பட்டையோடு வாங்குங்கள். செருப்பு விழுந்ததுமே கழன்றுவிடும். பாதம் வெறுமையாகத் தேயும்.

ஜாக்கெட்டில் மெஷ் துணி எடுங்கள். ஓடும்போது காற்று புகுந்து வியர்வையை உலர்த்தும். சிக்னலில் நிற்கும்போது சூடுதான், அதற்கு ஜிப்பைத் திறந்துகொள்ளலாம். உள்ளே இருக்கும் கார்டில் 'இஎன் 1621-1' என்ற ஐரோப்பியத் தர எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். சோதனையில் முதல் நிலைக் கார்டு சராசரியாக 35 கிலோநியூட்டன் விசையை உள்ளே விடலாம், இரண்டாம் நிலை 20 மட்டுமே. பல ஜாக்கெட்களில் முதுகுப் பக்கத்து உள்பாக்கெட்டில் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு 'இஎன் 1621-2' முதுகுக் கார்டு வாங்கிச் செருகுங்கள். வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள்: முழங்கைக் கார்டு பக்கவாட்டில் சுழன்றுபோனால் விழும்போதும் அப்படியே சுழலும். சாதாரண ஜீன்ஸை நம்ப வேண்டாம், தாரில் உராய்ந்தால் ஒரு வினாடிக்குள் கிழிந்துவிடும்.

விபத்தில் கிடப்பவரின் ஹெல்மெட்டைக் கழற்றலாமா?

மூச்சு சீராக இருந்தால் கழற்றாதீர்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் இழுக்கும்போது தண்டுவடம் சிதையும். வைசரை மட்டும் தூக்கிவிட்டு, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம், ஆட்டோவில் மடக்கிப் போட வேண்டாம்.

மூச்சு நின்றாலோ, வாந்தியோ ரத்தமோ வாயை அடைத்தாலோ கழற்றியே ஆக வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் தலைமாட்டில் முட்டி போட்டு ஹெல்மெட்டை இருபுறமும் பிடிக்கட்டும். மற்றவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து, பட்டையை அவிழ்த்தோ அறுத்தோ, ஒரு கையைப் பின்கழுத்துக்கு அடியிலும் இன்னொன்றைத் தாடையிலும் கொடுத்துத் தாங்கட்டும். தலைமாட்டில் இருப்பவர் விளிம்பை இருபுறமும் விரித்து, மூக்கு தப்புமளவு லேசாகச் சாய்த்து, மெதுவாக உருவ வேண்டும். உருவியதும் தலை தரையில் விழாமல் அவரே வாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

உதவிக்குப் போக போலீஸுக்குப் பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவுபவரைக் காக்கிறது. தமிழ்நாட்டில் விபத்து நடந்தால், 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கழற்றிய ஹெல்மெட்டை ஆம்புலன்ஸிலேயே கொடுத்தனுப்புங்கள். அடி எந்தப் பக்கம் விழுந்தது என்பதை மருத்துவர் அதிலிருந்து ஊகிப்பார்.