ஆஸ்திரேலியாவில் புற்றுநோய்ப் பரிசோதனைப் பதிவேட்டுக்குத் தனிச் சட்டம் எதற்கு?

ஒரு லேப் உங்கள் பரிசோதனை முடிவை மத்தியப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அதற்குச் சட்ட அதிகாரம் வேண்டும். முன்பு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மாநிலத்துக்கு ஒரு பதிவேடு. சிட்னியில் பேப் டெஸ்ட் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்தவர் பெர்த்துக்குக் குடிபோனால் பழைய முடிவு கூடவே வராது. 2016 சட்டம் இவற்றையும் குடல் புற்றுநோய்ப் பதிவேட்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர வழிசெய்தது. மார்பகப் புற்றுநோய் இதில் சேரவில்லை.

2017 டிசம்பரில், 2 ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த பேப் டெஸ்ட் போய், 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. டெஸ்ட் (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் சோதனை) வந்தது. பதிவேட்டிலிருந்து நினைவூட்டல் கடிதம் வராவிட்டால் 5 வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்?

சரி, சர்ச்சை எங்கே? சட்டம் நிறைவேறுமுன்பே, பதிவேட்டை நடத்த டெல்ஸ்ட்ரா ஹெல்த் என்ற தனியார் நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் போட்டுவிட்டது. தாலி கட்டுமுன் பந்தி போட்ட கதைதான். அந்தரங்கத் தகவல் தனியார் கைக்குப் போவதா என்ற கேள்வியும் எழுந்தது. சட்டப்படி, அனுமதியின்றித் தகவலை வெளியிடுவது குற்றம், விருப்பமில்லாதவர் பதிவேட்டிலிருந்து விலகிக்கொள்ளலாம்.